பாங்காக்கில் கையில் ஒரே ஒரு நாள்: அரண்மனையா, அயுத்தயாவா, மிதக்கும் சந்தையா?

தாய்லாந்துக்குப் போகிற தெரிந்தவர்களில் பாதிப் பேர் கிளம்புவதற்கு முந்தைய வாரம் என்னிடம் கேட்கும் கேள்வி இது. பட்டாயாவில் இரண்டு ராத்திரி, பாங்காக்கில் இரண்டு ராத்திரி என்று பேக்கேஜ் போட்டிருப்பார்கள். அதில் ஒரு நாளுக்கு எதிரே 'ஓய்வு' என்று மட்டும் அச்சடித்திருக்கும். அந்த ஒரு நாளில் எங்கே போவது? பழைய நகரத்து அரண்மனையும் கோயில்களுமா, ரயிலேறி அயுத்தயாவா, இல்லை இன்ஸ்டாகிராமில் எல்லோரும் படகில் உட்கார்ந்து இளநீர் குடிக்கிறார்களே, அந்த மிதக்கும் சந்தையா? மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் மூன்றுக்கும் தனித்தனியாகப் போயிருக்கிறேன். ஒன்றுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

எதை வைத்து முடிவெடுப்பது

இடத்தின் பெயரை ஓரமாக வைத்துவிட்டு, மத்தியானம் 12 மணிக்கு நான் எங்கே நிற்பேன் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னை வெயிலையே பார்த்தாயிற்று, பாங்காக் வெயில் என்ன செய்துவிடும் என்றுதான் நானும் முதல் தடவை போனேன். வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும். காலை ஒன்பதரைக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ராத்திரி வரை காயாது. நம் ஊரில் என்றால் அந்த நேரத்துக்கு ஃபேனுக்குக் கீழே இருப்போம். அங்கே டிக்கெட் வாங்கிவிட்டோமே என்று சுற்றிக்கொண்டிருப்போம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கொஞ்சம் தேவலை. மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் போகிறவர்களுக்கு இந்த ஒரு கேள்வியே முடிவைச் சொல்லிவிடும்.

அடுத்தது, கூட வருவது யார். முட்டி வலிக்கும் பெரியவர்கள் இருக்கிறார்களா, தள்ளுவண்டியில் குழந்தை இருக்கிறதா, நீங்கள் மட்டும் தனியாகவா? அப்புறம் பணம். டிக்கெட் விலையைச் சொல்லவில்லை, ஹோட்டல் வாசலில் கிளம்பித் திரும்பி வருவதற்குள் மொத்தம் எவ்வளவு போகிறது என்பதுதான் கணக்கு. (பாட் என்று எழுதுவதைப் பாட்டு என்று படித்துவிடாதீர்கள். ஒரு பாட் என்பது தோராயமாக இரண்டரையிலிருந்து மூன்று ரூபாய்.) கடைசியாகச் சாப்பாடு. சைவம் என்றால் இது சின்ன விஷயமே இல்லை, கீழே தனியாகச் சொல்கிறேன்.

இன்னொன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தாய்லாந்து நேரம் நமக்கு ஒன்றரை மணி முன்னால். அங்கே காலை 7 மணி என்றால் உங்கள் உடம்புக்கு 5.30. சென்னையிலிருந்து நடு ராத்திரி விமானத்தில் போய் விடியற்காலை இறங்கியவர்கள், மறுநாள் காலை 6.30க்கு வேன் வரும் என்று ஒப்புக்கொள்வதற்கு முன் இதை ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள்.

| | பழைய நகரம் | அயுத்தயா | மிதக்கும் சந்தை |
|---|---|---|---|
| நுழைவும் போக்குவரத்தும், ஒரு ஆளுக்கு | சுமார் 1,050 பாட் | ரயில் போக வர 40 பாட்டுக்குள், மற்றது நீங்கள் எதில் சுற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்து | வேன் ஒரு விலை, படகு இன்னொரு விலை, இரண்டும் பேரம் |
| வழியில் போகும் நேரம் | ஒரு மணிக்குள் | நாலு மணி | நாலு மணிக்குக் குறையாது |
| மத்தியானம் 12க்கு நீங்கள் | ஓவியத் தாழ்வாரத்தில் அல்லது வாட் போவில் | செங்கல் மேட்டில், மொட்டை வெயிலில் | ஏசி வேனில், தூக்கத்தில் |
| ஏமாறும் வாய்ப்பு | உண்டு, தெரிந்தால் தப்பலாம் | குறைவு | நிறைய |

பழைய நகரம்: அரண்மனை, வாட் போ, வாட் அருண்

முதலாம் ராமா 1782இல் தலைநகரை ஆற்றின் இந்தக் கரைக்கு மாற்றியபோது எழுந்த பகுதி இது. மூன்று இடங்களும் ஒன்றுக்கொன்று பக்கம் ('வாட்' என்றால் கோயில்). நடுவில் சாவ் பிரயா ஆறு.

போகும் வழியே பாதி சுகம். பி.டி.எஸ் ரயிலில் சபான் தக்சின் இறங்கினால் கீழேயே சாத்தோன் படகுத்துறை. அங்கே சுற்றுலாப் படகுக்கு டிக்கெட் விற்கும் கவுண்டர்தான் முதலில் கண்ணில் படும். அதைத் தாண்டிப் போய் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகைப் பிடியுங்கள். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 16 பாட். உள்ளூர்க்காரர்கள் ஆபீசுக்குப் போகிற படகு அது. கண்டக்டர் அம்மா ஒரு நீள உலோகக் குழாயைச் 'சளக் சளக்' என்று ஆட்டிக்கொண்டே வருவார், அதற்குள்தான் சில்லறையும் டிக்கெட் சுருளும். பின்னால் கயிற்றோடு நிற்கும் பையன் விசிலிலேயே படகோட்டிக்கு வலம் இடம் சொல்லித் துறையில் அணைப்பான். நம் ஊர் டவுன் பஸ் நினைவு வராமல் இருக்காது.

அரண்மனைக்கு 500 பாட், வாட் போவுக்கு 300, வாட் அருணுக்கு 200. தாய்லாந்துக்காரர்களுக்கு அரண்மனை இலவசம், அதைப் பார்த்துக் கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்யும். நாலு பெரியவர்கள் போனால் ரூபாயில் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். 120 செ.மீ. உயரத்துக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு அரண்மனையிலும் வாட் போவிலும் டிக்கெட் இல்லை.

மறைமுகச் செலவு உடையில் இருக்கிறது. தோளும் காலும் மூடியிருக்க வேண்டும். புடவை, சுடிதார் என்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. மாட்டிக்கொள்வது எப்போதும் முக்கால் பேண்ட் போட்டு வந்த ஆண்கள்தான். எதிர்க்கடையில் யானைப் படம் போட்ட தொளதொளப் பேண்ட் வாங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள், அன்றைக்கு எடுத்த எல்லா போட்டோவிலும் அந்த யானைகள்தான் நிற்கும்.

அடுத்த செலவு பேச்சில். மதிலோரமாக நடக்கும்போது நல்ல ஆங்கிலத்தில் ஒருவர் வந்து "இன்றைக்கு அரண்மனை மூடல், ஏதோ பூஜை, மத்தியானம்தான் திறப்பார்கள், அதுவரை 20 பாட்டுக்குத் துக்துக்கில் ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன்" என்பார். அந்தத் துக்துக், அதாவது அவர்கள் ஊர் ஆட்டோ, நேராக நகைக்கல் கடையிலோ கோட்டு தைக்கிற கடையிலோ போய்த்தான் நிற்கும். இது பல வருஷத்து வித்தை, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. யார் என்ன சொன்னாலும் காதில் வாங்காமல் வாசல் வரை நடந்துபோய் நீங்களே பாருங்கள். டிக்கெட் பிற்பகல் 3.30 வரைதான், அதை மட்டும் மனதில் வையுங்கள்.

உள்ளே எல்லோரும் மரகத புத்தரைப் பார்க்க அடித்துக்கொண்டு போவார்கள். பெயர்தான் மரகதம், உண்மையில் அது ஒருவகைப் பச்சைக்கல். உயரமும் ஒரு மீட்டர்கூட இல்லை, அவ்வளவு உசரத்தில் வைத்திருப்பதால் நமக்குச் சுண்டு விரல் அளவுக்குத்தான் தெரியும். வெயில், மழை, குளிர் என்று வருஷத்துக்கு மூன்று முறை அரசரே வந்து உடை மாற்றுகிறார். கும்பிட்டுவிட்டு வெளியே வாருங்கள். தமிழ் படிக்கிறவர்கள் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் அந்தக் கோயிலைச் சுற்றி ஓடும் தாழ்வாரம். 178 ஓவியங்களாக முழு ராமகியன், அதாவது அவர்களுடைய ராமாயணம். நிழல், கூட்டமும் குறைவு, 12 மணி கேள்விக்கு நான் கண்ட விடை இதுதான். அங்கே ஒரு ஓவியத்தில் அனுமன் மலை அளவுக்கு உருவம் எடுத்து, ராமர் தூங்கும் மண்டபத்தையே வாய்க்குள் வைத்துக் காவல் இருக்கிறார். நம் பாட்டிமார் சொல்லும் மயில்ராவணன் கதைதான் அது. நம் கதையில் அனுமன் வாலைச் சுருட்டிக் கோட்டை கட்டுவார், அவர்கள் வாய்க்குள்ளேயே வைத்துவிட்டார்கள். இன்னொன்று, அங்கே அனுமன் பிரம்மச்சாரி இல்லை. ராவணன் மகளான ஒரு கடல்கன்னியைக் காதலிக்கிறார். அம்மா இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் வாட் போ. 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தர். பாதத்தில் முத்துச்சிப்பி பதித்து 108 சின்னங்கள். முதுகுப் பக்கம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே நடப்பார்கள், அந்த 'டிங் டிங்' சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். அப்புறம் தா தியேன் துறையில் 5 பாட் கொடுத்து அக்கரைக்குப் போனால் வாட் அருண். பீங்கான் துண்டுகள் ஒட்டிய கோபுரம், செங்குத்தான படி. ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம், முட்டிக்காரர்கள் கீழேயே நின்று பார்த்துக்கொள்ளலாம்.

முதல் தடவை பாங்காக் போகிறீர்கள், பெரியவர்கள் கூட இருக்கிறார்கள், நினைத்தபோது ஹோட்டலுக்குத் திரும்ப வேண்டியிருக்கும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுங்கள். சனாம் சாய் மெட்ரோ ஸ்டேஷன் வாட் போவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் யாருக்காவது தலை சுற்றினால்கூட ஐந்து நிமிடத்தில் ஏசிக்குள் போய்விடலாம். இந்த வசதி மற்ற இரண்டிலும் கிடையாது.

தெம்பு மிச்சமிருந்தால் ஒரு உபரி. பழைய நகரத்துக்குள்ளேயே, சிவப்பு ஊஞ்சல் தூண்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தேவஸ்தான் என்று ஒரு சின்னப் பிராமணர் கோயில் இருக்கிறது. அரசவைப் புரோகிதர்களுடையது. மார்கழி, தை ஒட்டி அங்கே நடக்கும் சடங்குக்குத் 'திரியம்பவாய்' என்று பெயர். சொல்லிப் பாருங்கள், திருவெம்பாவை. பொருள் தெரியாமலே தலைமுறை தலைமுறையாக அந்தப் பாட்டை ஓதி வந்திருக்கிறார்கள்.

அயுத்தயா

1351இலிருந்து 1767இல் பர்மியப் படை எரித்துத் தரைமட்டமாக்கும் வரை சயாமின் (தாய்லாந்தின் பழைய பெயர்) தலைநகர். பெயர் அயோத்தியிலிருந்து வந்தது. 1991இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில். பாங்காக்கிலிருந்து வடக்கே 80 கிலோமீட்டர்.

எனக்கு இந்த மூன்றில் மனதுக்குப் பிடித்தது இதுதான். அம்மாவைக் கூட்டிப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டதும் இங்கேதான். ஏப்ரல் மாதம், காலை தாமதமாகக் கிளம்பி, போய்ச் சேரும்போது பதினொன்றரை. சுற்றிலும் செங்கல், கூரை என்று சொல்ல ஒன்றும் இல்லை, எரித்த ஊரில் கூரை எங்கே இருக்கும்? இரண்டாவது கோயிலிலேயே அம்மா ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, "நீ பார்த்துட்டு வா, நான் பார்த்த மாதிரிதான்" என்று சொல்லிவிட்டார். தப்பு ஊரின் மேல் இல்லை, என்னுடைய நேரக் கணக்கின் மேல்தான்.

ஹுவாலம்போங் பழைய ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் சாதாரண மூன்றாம் வகுப்பு ரயிலுக்கு 15, 20 பாட்தான். ஃபேன், திறந்த ஜன்னல், வேர்க்கடலை, ஐஸ் டீ விற்பவர்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். 2023 ஜனவரியில் தொலைதூர ரயில்களை எல்லாம் பாங் சூவில் உள்ள புது முனையத்துக்கு மாற்றிவிட்டார்கள், அதனால் எந்த ரயில் எங்கிருந்து என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். தப்பான ஸ்டேஷனுக்குப் போய் நிற்பதுதான் இந்த நாளில் பெரிய மறைமுகச் செலவு. திரும்பும் ரயில் வடக்கே ரொம்ப தூரத்திலிருந்து வருவதாக இருந்தால் நேரத்துக்கு வரும் என்று எண்ணி ராத்திரி விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்டேஷனில் இறங்கி ஒரு சின்னத் தோணியில் ஆற்றைக் கடந்தால் பழைய ஊர். மூன்று ஆறுகள் சூழ்ந்த தீவு அது. சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், மலிவு, ஊர் தட்டை, ஆனால் வெயில் உங்கள் பாடு. துக்துக்கை மணிக்கணக்கில் பேசிக்கொள்வது குடும்பத்துக்கு நல்லது. கோயிலுக்குக் கோயில் தனி டிக்கெட். எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. வாட் மகாதாத்தும் வாட் ப்ரா சி சன்பெத்தும் மாலை வெயிலில் ஆற்றங்கரை வாட் சைவத்தனாராமும் போதும்.

வாட் மகாதாத்தில்தான் எல்லோரும் படத்தில் பார்த்த அந்தத் தலை இருக்கிறது. உடம்பில்லாத ஒரு புத்தர் தலை, தரையோடு தரையாக அரச மர வேர்களுக்குள் சிக்கி, முகம் மட்டும் வெளியே. வேர் கன்னத்தைச் சுற்றி வந்து நெற்றிக்கு மேல் சேர்ந்திருக்கும். போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் உட்கார வேண்டும், புத்தரின் தலைக்கு மேல் உங்கள் தலை இருக்கக் கூடாது. மறந்து நின்றவர்களைக் காவலாளி கையசைத்து உட்கார வைத்துவிடுவார். சுற்றிப் பார்த்தால் தலையில்லாத புத்தர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இதைப் பார்த்த பிறகு பாங்காக் அரண்மனையின் தங்கம் எல்லாம் கொஞ்சம் புதுப் பணம் போலத் தெரியும்.

பழைய நகரத்தை முன்பே பார்த்தவர்கள், தனியாகவோ நண்பர்களோடோ போகிறவர்கள், காலை ஏழு மணிக்குள் ரயிலில் இருக்க முடிகிறவர்கள் இதை எடுக்கலாம். இன்னொரு சூழ்நிலையும் உண்டு. நீங்கள் இறங்குவது டான் முவாங் விமான நிலையம் என்றால், அயுத்தயா அதே ரயில் தடத்தில், பாங்காக்குக்கு எதிர்த் திசையில் இருக்கிறது. ஊருக்குள் போய்த் திரும்பி வருவதற்குப் பதில் நேராக வடக்கே போய்விடலாம், பெட்டியை வைக்க இடம் பார்த்துக்கொண்டால் போதும்.

மிதக்கும் சந்தை, ரயில்வே சந்தை

படத்தில் பார்க்கிற அந்த மிதக்கும் சந்தை, டம்னொன் சடுவாக், பாங்காக்கிலிருந்து தென்மேற்கே நூறு கிலோமீட்டர் சொச்சம். பெரும்பாலும் மெக்லாங் ரயில்வே சந்தையோடு சேர்த்து அரை நாள் டூராக விற்பார்கள். ஹோட்டல் லாபியில் தொங்கும் படம் இதுதான், அதனால்தான் பேக்கேஜ் ஆட்களும் இதையே முதலில் தள்ளுவார்கள்.

நான் போன வேன்காரர் யார் என்பது வேண்டாம். காலை ஆறரைக்கு ஏற்றிக்கொண்டு, இன்னும் மூன்று ஹோட்டலில் ஆள் ஏற்றி, தேங்காய்ச் சர்க்கரை செய்யும் இடம் என்று ஒரு கடையில் நாற்பது நிமிடம் நிறுத்தி, படகுத்துறைக்குப் போய்ச் சேரும்போது பத்து. படகுக் காசு டூரில் சேரவில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. துறைக்குத் துறை விலை மாறும், டிரைவர் எந்தத் துறையில் நிறுத்துகிறாரோ அங்கே சொல்வதுதான் விலை. அதனால் வேன் பேசும்போதே "படகு சேர்த்தா, எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரம்" என்று எழுதி வாங்கிவிடுங்கள். அந்தச் சந்தை ஏழிலிருந்து ஒன்பது வரைதான் நன்றாக இருக்கும். பத்து மணிக்கு மேல் படகும் படகும் முட்டிக்கொண்டு நிற்கும், எஞ்சின் புகை வேறு. விற்பதும் காந்தமும் பொம்மையும் அதே யானைப் பேண்டும்தான்.

மெக்லாங் வேறு விஷயம், அது நிஜமான சந்தை. தண்டவாளத்தின் மேலேயே மீனும் மிளகாயும் கீரையும் விற்கிறார்கள். மணி அடித்ததும் தார்ப்பாய்களை ஒவ்வொன்றாக மடக்குவார்கள், சக்கரம் வைத்த பலகைகளைப் பின்னால் இழுப்பார்கள். தாழ்வான கூடைகளைத் தொடவே மாட்டார்கள், ரயில் அவற்றின் மேலேயே போகும். கத்தரிக்காய் தப்பித்துவிடும், நீங்கள் முழங்கையை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பெட்டி தாண்டிய நொடியில் தார்ப்பாய் திரும்ப விரியும். நாளுக்கு நாலு தடவை வரும், நாலு தடவை போகும். அந்த நேரத்தைத் தப்பவிட்டால் போனதே வீண்.

வேனே வேண்டாம் என்றால், வொங்வியான் யாய் ஸ்டேஷனிலிருந்து மகாச்சாய் வரை ஒரு குட்டி ரயில், அங்கே ஆற்றைக் கடந்தால் அக்கரையிலிருந்து மெக்லாங்குக்கு இன்னொரு குட்டி ரயில், ஒவ்வொன்றும் 10 பாட். அந்த ரயிலில் உட்கார்ந்தபடியே சந்தைக்குள் நுழைவீர்கள். நேரம் நிறையப் போகும், ரயில் பைத்தியங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

குழந்தைகள் இருக்கிறார்கள், கோயில் என்றாலே முகம் சுளிக்கிறார்கள், நடக்கவே முடியாது, ஏசி வேனில் உட்கார வைத்தால் போதும் என்றால் இது சரி. மிதக்கும் சந்தை என்ற ஒன்றைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் என்றால், சனி ஞாயிறில் பாங்காக் எல்லைக்குள்ளேயே தாலிங் சான், குளோங் லாட் மயோம் இரண்டும் இருக்கின்றன. உள்ளூர்க் குடும்பங்கள் சாப்பிடப் போகிற இடங்கள். நூறு கிலோமீட்டர் போக வேண்டாம்.

சைவக்காரர்களுக்கு

மீன் சாறு ஊற்றாத குழம்பு அங்கே அபூர்வம். "வெஜிடபிள்" என்று சொன்னால் காய்தான் போடுவார்கள், கூடவே அந்தச் சாறும். சொல்ல வேண்டிய சொல் 'ஜே'. மஞ்சள் பின்னணியில் சிவப்பாக, பார்ப்பதற்கு 17 என்று எழுதினது போல ஒரு கொடி தொங்கும் கடை, அதில் வெங்காயம் பூண்டுகூட இருக்காது. பழைய நகரம் போனால் கவலை இல்லை, சனாம் சாயிலிருந்து ஒரே ஸ்டேஷன் தள்ளி சாம் யோட், அங்கே இந்தியர் கடைகள் நிறைந்த பஹுராத்தில் சப்பாத்தியும் பருப்பும் கிடைக்கும். அயுத்தயாவுக்குக் கையில் ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள். அங்கே 'ரொட்டி சாய் மாய்' மட்டும் விடாதீர்கள், பச்சை நிற மெல்லிய ரொட்டிக்குள் பஞ்சு மிட்டாய் இழையைச் சுருட்டித் தருவது, அம்மா அன்றைக்கு மரத்தடியில் மூன்று சாப்பிட்டார்.

மழை பிடித்துக்கொண்டால்

செப்டம்பர், அக்டோபரில் போகிறவர்கள் மேலே சொன்ன மூன்றையும் தூக்கிப் போட வேண்டி வரலாம். அயுத்தயாவில் ஒதுங்க இடமில்லை, வாட் அருண் படி வழுக்கும், கால்வாய்ப் படகில் நனைவீர்கள். அப்போது பி.டி.எஸ் தடத்திலேயே நாளை ஓட்டிவிடலாம். சயாம் ஸ்டேஷன் பக்கத்து மால்கள், தேக்கு மரத்தால் ஆன ஜிம் தாம்சன் வீடு (பட்டு வியாபாரி, 1967இல் மலேசியாவின் கேமரன் மலையில் நடக்கப் போனவர் திரும்பவே இல்லை), சீலோமில் 19ஆம் நூற்றாண்டில் நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில். அந்தக் கோயிலில் மல்லிகையோடு வரிசையில் நிற்பவர்களில் தாய்லாந்துக்காரர்களே அதிகம். மழை விட்டதும் பக்கத்திலேயே லும்பினி பூங்காவுக்கு நடந்து போங்கள். முதலைக் குட்டியோ என்று பயப்படும் அளவுக்கு உடும்புகள் ஏரியிலிருந்து ஏறி வந்து, ஓடுகிறவர்களுக்கு நடுவே பாதையைக் கடந்து போகும். யாரும் நின்றுகூடப் பார்ப்பதில்லை.